பயிர்ச்சாடிகளின் நீர்வடிப்பு: அடியில் இடும் கல்லும் ஓடும்

சாடியிற் பயிர் வைப்போர் அதன் அடியிற் சல்லிக்கல்லையோ உடைந்த ஓட்டுத் துண்டுகளையோ இரண்டு மூன்று அங்குலம் பரப்பி, அதன்மேல் மண்ணை இடுவது நெடுநாள் வழக்கம். நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் இவ்வழக்கத்தைப் பங்களாத் தோட்டங்களிலும், லயங்களின் இஸ்தோப்புகளிலும், பாடசாலை முற்றங்களிலும் காணலாம். மேலே ஊற்றும் நீர் கல்லிடுக்குகளில் இறங்கி ஓடிவிடும், வேர் அழுகாது என்பது இதற்குக் கூறப்படும் காரணம். அது பொருத்தமாகவே தோன்றுகின்றது. ஆயினும், மண்ணில் நீர் இயங்கும் முறையை ஆராய்ந்தோர் கண்டது வேறு. சாடியின் நீர்வடிப்பைத் தீர்மானிப்பவை அதில் நிரப்பப்பட்ட மண்கலவையின் தன்மை, அக்கலவையின் உயரம், அடியிலுள்ள துளை ஆகிய மூன்றுமே. அடிக்கல் இவற்றுள் ஒன்றுக்கும் ஈடாகாது. வேருக்கு உரிய இடத்தை மட்டும் அது நிச்சயமாகக் குறைக்கின்றது.

மரக்கறிச் செய்கையாளருக்கு இது பூச்சாடி அழகைப் பற்றிய விடயம் அன்று. மலைநாட்டில் இன்று தக்காளி, கறிமிளகாய், சலாது முதலியன பொலித்தீன் கூடாரங்களிற் பைகளிலும் சாடிகளிலும் செய்கை பண்ணப்படுகின்றன. கோவா, பூக்கோவா நாற்றுகள் குழித்தட்டுகளில் வளர்க்கப்படுகின்றன. தோட்டத்து லயங்களில் வாழ்வோர் பலருக்கோ, காம்பராவுக்கு முன்னுள்ள சில அடி நிலத்தில் வைக்கும் பழைய வாளியும் உரப்பையுமே தோட்டம். 2022ஆம் ஆண்டில் நாட்டில் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, வீட்டுத்தோட்டத்தை ஊக்குவிக்கும் பொருட்டு அரசாங்க ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்கவும் தீர்மானிக்கப்பட்டதை வாசகர் நினைவு கூர்வர். சரிவில் வாழ்வோர் நல்ல மண்ணைச் சாக்கிற் கட்டி ஏற்றத்திற் சுமந்து வருகின்றனர். ஒரு மழைக்கிழமையில் நாற்றுகள் அடியழுகிச் சாயுமாயின், விதைக்குக் கொடுத்த விலை மட்டுமன்றி, அப்போகத்தின் நடுகைக் காலமும் கைவிட்டுப் போகின்றது.

மழையும் குளிரும்

ஹற்றன், வட்டவளைப் பக்கங்களில் தென்மேற் பருவக்காற்று மே மாதம் தொடக்கம் செப்டெம்பர் வரை மழையைக் கொட்டுகின்றது. வட்டவளை இலங்கையில் மிகுந்த மழை பெறும் இடங்களுள் ஒன்று. நுவரெலியாவுக்குக் கிழக்கேயுள்ள உடப்புசல்லாவைச் சரிவுகளுக்கோ வடகீழ்ப் பருவக்காற்றின் மழையே பெரிது. அது டிசெம்பரை ஒட்டிய மாதங்களில் வருவது. ஆகவே, சாடியைப் பற்றி விழிப்பாயிருக்க வேண்டிய காலம் மலையின் எப்பக்கத்தில் வாழ்கின்றோம் என்பதைப் பொறுத்தது.

மழையைவிடக் குளிரே சாடிப் பயிருக்கு மறைமுகமான இடர். கடல்மட்டத்திலிருந்து 6,000 அடிக்கு மேல் உயர்ந்த நுவரெலியாவில் ஆண்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 16 பாகை செல்சியஸ். குளிரும் மூடுபனியும் நீர் ஆவியாவதைக் குறைத்துவிடுகின்றன. யாழ்ப்பாணத்து வெயிலில் ஓரிரு நாளிற் காய்ந்துவிடக்கூடிய சாடி, இங்கே ஒரு கிழமையாயினும் ஈரம் மாறாது நிற்கும். எனவே கீழ்நாட்டு வழிகாட்டிகளிற் கூறப்படும் நீரளவும் மண்கலவையும் இங்கு அப்படியே பொருந்தா.

வேர் மூச்சுவிடுவது மண்துணிக்கைகளுக்கு இடைப்பட்ட வெளிகளிலுள்ள காற்றைக் கொண்டே. அவ்வெளிகளை நீர் நிரப்பிவிட்டால் ஒட்சிசன் வேரை அடைவது தடைப்படும்; காற்றினூடு பரவுவதிலும் பார்க்க நீரினூடு ஒட்சிசன் பரவும் வேகம் ஏறத்தாழ 10,000 மடங்கு குறைவு. மூச்சுமுட்டிய வேர் நீரை உறிஞ்சும் ஆற்றலை இழக்கின்றது. அதனால், நனைந்த மண்ணில் நிற்கும் செடியின் இலைகள் பகலில் வாடித் தொங்கும். இதனைக் கண்டோர் பலர் தண்ணீர் போதவில்லை என எண்ணி மேலும் ஊற்றுவர். செடி விரைந்து மடியும். வாடிய செடிக்கு நீர் ஊற்றுமுன் விரலை இரண்டு அங்குலம் மண்ணுட் செலுத்திப் பார்க்க வேண்டும்.

நனைந்த மண்ணிற் பிதியம் முதலிய நுண்ணுயிர்கள் பெருகி நாற்றழுகலை உண்டாக்குகின்றன. இவற்றின் வித்திகள் நீரிலே நீந்திச் செல்ல வல்லவை. தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் நீர்கோத்தாற்போல நிறம் மாறி, ஒடுங்கி, நாற்று சாய்ந்துவிடும். மருந்து தெளிப்பதற்கு முன்னரே செய்ய வேண்டியது, நாற்று நிற்கும் மண்ணிற் காற்றுக்கு இடம் விடுவதாகும்.

கல்லுக்குள் நீர் இறங்காமை

மிக மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாகவே அதனுள் ஏறி நிற்கும். 1 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் உயரமும், 0.1 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழாயில் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் உயரமும் நீர் ஏறும். குழாய் சிறுக்கச் சிறுக்கப் பிடிப்பு வலுக்கின்றது. மண்ணிலுள்ள வெளிகளும் இத்தகைய குழாய்களைப் போன்றவையே. களியின் வெளிகள் மிகச் சிறியவை. மணலின் வெளிகள் பெரியவை. சல்லிக்கல்லின் வெளிகளோ நீரை இழுத்துப் பிடிக்க முடியாத அளவு பெரியவை.

இதனாலேயே கல்லுக்குள் நீர் எளிதில் இறங்குவதில்லை. மேலேயுள்ள மண் நீரைத் தன்பால் இழுத்துப் பிடித்திருக்கின்றது; கீழேயுள்ள கல்லுக்கு இழுக்கும் விசை இல்லை. மண்ணின் அடிப்பகுதி நிரம்பி, இனித் தாங்கமாட்டாது என்ற நிலைக்கு வந்த பின்னரே துளி துளியாக நீர் கல்லிடுக்கில் விழும். துளி விழுவது நின்ற பின்பும் கல்லுக்கு மேலே ஒரு நனைந்த படை எஞ்சியிருக்கும். கல் இல்லாத சாடியிலும் இப்படை உண்டு. ஆனால் அது சாடியின் அடித்தட்டோடு ஒட்டி, வேரின் பெரும்பகுதிக்குக் கீழே கிடக்கும். கல்லை இட்டவர் அதனை மேலே தூக்கி வைத்தவராவார்.

கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு வாளியிற் கலவை 10 அங்குலம் உயரம் நிற்கின்றது எனவும், அக்கலவையின் இயல்பினால் அடியில் 3 அங்குலம் நனைந்து நிற்கும் எனவும் கொள்க. காற்றுள்ள மண் 7 அங்குலம். அதே வாளியில் 3 அங்குலம் கல்லை இட்டால் கலவை 7 அங்குலம் ஆகும்; அதிலும் அடி 3 அங்குலம் நனைந்து நிற்க, வேருக்கு வாய்ப்பான மண் 4 அங்குலமே மிஞ்சும்.

இவ்வுண்மை புதிதன்று. 1907ஆம் ஆண்டில் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் மண் ஆராய்ச்சிப் பகுதியிலிருந்த எட்கார் பக்கிங்காம், மண் நீரைப் பிடித்துவைக்கும் விசையை அளவிடக்கூடிய ஒன்றாக விளக்கினார். 1959ஆம் ஆண்டில் வாஷிங்டன் மாநிலத்தில் வோல்ற்றர் கார்ட்னரும் அவருடைய சக ஆய்வாளரும் கண்ணாடிப் பெட்டியில் மண்ணை நிரப்பி, நீர் இறங்கும் காட்சியைத் திரைப்படமாக எடுத்தனர். பருத்த துணிக்கைகளாலான படையைச் சந்தித்ததும் ஈரம் அங்கே தயங்கி நின்று பக்கவாட்டிற் பரவியதையும், மேல்மண் நன்கு நனைந்த பின்பே கீழே இறங்கியதையும் அப்படம் கண்ணெதிரே காட்டியது.

எனினும், அடிக்கல் இட்ட சாடியெல்லாம் சேறாகிவிடும் என்று கூறுவதும் மிகையே. 2025ஆம் ஆண்டில் பிளொஸ் வண் என்னும் ஆய்விதழில் வெளிவந்த ஒரு பரிசோதனையில், வடிகாற் படை இட்ட கலங்களில் மொத்தமாகத் தங்கிய நீர் பெரும்பாலும் குறைந்தே காணப்பட்டது. தடித்த படை மெல்லிய படையிலும் பார்க்க அதிகம் குறைத்தது. மண்ணுக்கும் கல்லுக்கும் இடைப்பட்ட எல்லை நடைமுறையிற் கோடு கிழித்தாற்போல் இருப்பதில்லை. அன்றியும் படை பருமணலாயின், மணலும் சிறிது நீரை இழுக்குமாகையால் மண்ணின் தொடர்ச்சியாகவே அது இயங்கும். எனவே மேலே காட்டிய கணக்கை விளக்கத்துக்காக மட்டும் கொள்ளல் வேண்டும். ஆழம் தாராளமாக உள்ள கலத்திற் பருமணற் படை தீங்கு செய்யாது. சிறிது உதவவும் கூடும். ஆனால் எட்டுப் பத்து அங்குல வாளியில் மூன்று அங்குலத்தைக் கல்லுக்குக் கொடுப்பது, அரைக் காணி உடையவன் காற்பங்கைத் தரிசாக விடுவதற்கு ஒப்பாகும். அவ்விடத்திலும் நல்ல கலவையை நிரப்பினால் வேர் அங்கேயும் செல்லும்.

இதனைச் செலவின்றி வீட்டிலேயே காணலாம். பாத்திரம் கழுவும் நீள்சதுரப் பஞ்சு ஒன்றை நீரில் நன்கு தோய்த்து, தட்டையாக இரு கைகளிலும் ஏந்திப் பிடிக்க வேண்டும். நீர் சொட்டுவது நின்றதும், பிழியாமல், அதன் நீண்ட விளிம்பு கீழே வருமாறு திருப்பினால் மீண்டும் நீர் சொட்டும். அதுவும் நின்ற பின் குறுகிய விளிம்பு கீழே வருமாறு நிமிர்த்தினால் இன்னும் சொட்டும். பஞ்சு அதுவே, மாறியது உயரம் மட்டுமே. உயர்ந்த மண்நிரல் தன் அடியிலிருந்து அதிக நீரை வெளியேற்றும் என்பதும், தட்டையான கலம் எப்போதும் ஈரமாயிருக்கும் என்பதும் இதனால் விளங்கும். குழித்தட்டு நாற்றுகளுக்கு வயல்மண் ஏன் ஆகாது என்பதற்கும் இதுவே விடை.

வயல் உழவர் அறிந்தது

கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பள்ளத்தாக்குகளில் நெல் செய்வோருக்கு இவ்விடயம் பாதி தெரிந்ததே. வயலில் நீர் நிற்க வேண்டும் என்பதற்காகவே அவர்கள் சேற்றுழவு செய்கின்றனர். உழவும் மிதிப்பும் மண்கட்டிகளை உடைத்துப் பெரிய வெளிகளை அழிக்கின்றன. அடியில் இறுகிய ஒரு தட்டு உண்டாகின்றது. அதன் கீழே மணற்பாங்கான மண் இருந்தாலும் மேலே நீர் நின்றுகொண்டேயிருக்கும். அடியிலுள்ள மணல் வயலை வடித்துவிடாதது போலவே, அடியிலுள்ள கல்லும் சாடியை வடித்துவிடாது.

நெற்பயிர் இதனைத் தாங்குவதற்குக் காரணம் அதன் உடலமைப்பு. இலையிலிருந்து வேர்வரை காற்றுச் செல்லும் இடைவெளிகள் அதன் தண்டிலும் வேரிலும் உண்டு. லீக்ஸ், கரட், தக்காளி, போஞ்சி ஆகியவற்றுக்கு அவ்வசதி இல்லை. வயலோரத்து மண் கறுத்துக் கொழுமையாயிருக்கின்றதே என்று அதனை வாளியில் நிரப்புவோர், நெல்லுக்காகப் பக்குவப்படுத்திய மண்ணை மரக்கறிக்குக் கொடுக்கின்றனர். அம்மண்ணை எடுக்கவே வேண்டுமாயின், நிழலில் உலர்த்தி, உடைத்து, மொத்தத்தில் நாலில் ஒரு பங்குக்கு மேற்படாமற் கலக்க வேண்டும்.

வழக்கிலுள்ள அடிப்பொருள்கள்

சல்லிக்கல்லைப் பற்றி மேலே கூறப்பட்டது. உடைந்த சட்டி, ஓடு, செங்கட்டித் துண்டுகளுக்கும் அதுவே பொருந்தும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. பழைய மண்சாடிகளின் அடியில் ஒரே பெரிய துளை, சில வேளைகளில் ஓர் அங்குல அகலம் வரை இருக்கும். அத்துளைக்கு மேல் வளைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் சரிந்து கொட்டாது. ஆங்கிலேயரின் தோட்டமுறையிலிருந்து பங்களாக்களுக்கு வந்த இவ்வழக்கத்தின் பயன்தரும் பகுதி இதுவே. ஒரு துண்டு செய்த வேலையை ஒரு படை இன்னும் நன்றாகச் செய்யும் என்று பின்வந்தோர் எண்ணினர் போலும்.

தேங்காய்ப் பொச்சை அடியில் வைப்போரும் உளர். தென்னந்தோட்டங்களிற் பொச்சைக் குழியிற் புதைப்பது வறட்சிக் காலத்துக்கு ஈரத்தைச் சேமிப்பதற்காகும். அதே பொருளை ஹற்றன் மழையில் நீர்வடிப்புக்காக இடுவது நோக்கத்துக்கு நேர்மாறானது. காய்ந்த இலை, சருகு ஆகியன சில மாதங்களில் உக்கி அமிழ்ந்துவிடும்; மண் கீழிறங்க, செடியும் சாடிக்குள் இறங்கிவிடும். கரித்துண்டுகளை அடியிற் பரப்பினால் நீர் தூய்மையடையும் என்ற நம்பிக்கையும் நிலவுகின்றது. கரியை இடித்துக் கலவையிற் சேர்த்தால் அது மண்ணைப் பொலபொலப்பாக்கும். அடியிற் கிடக்கும் கரி கல்லைப் போன்றதே. ரெஜிபோம் துண்டுகள் பாரமற்றவை என்பது உண்மை. ஆனால் அவை நொறுங்கி மண்ணெங்கும் பரவும், பிரித்தெடுக்க இயலாது, கானோடு ஓடி ஆற்றையும் சேரும். இவற்றைப் பயன்படுத்தாமையே நன்று.

தேயிலைத் தோட்டங்களிற் கல் நிரப்பிய வடிகால்கள் பயன் தருகின்றனவே, சாடியில் மட்டும் ஏன் தருவதில்லை என்று கேட்கப்படலாம். நிலத்திலே வெட்டப்படும் கான், நிரம்பி வழியும் நீரை ஒரு தாழ்ந்த வாயிலுக்கு அழைத்துச் செல்லும் வழி. நிலத்தடி நீர் கல்லின் மட்டம் வரை உயர்ந்ததும் கல்லிடுக்கில் நுழைந்து சரிவில் ஓடிவிடும். சாடிக்கு அந்த வாயில் அதன் அடித்துளையே. துளை ஏற்கெனவே இருக்கும் இடத்திற் கல் வேறு வழியைத் திறப்பதில்லை.

கல்லுக்கு உரிய இடங்களும் சில உண்டு. நானுஓயா, கந்தப்பளைப் பக்கங்களிற் காற்று வலுக்கும் காலத்தில் உயர்ந்த இலேசான வாளிகள் சாயாதிருக்க அடியிற் பாரம் வேண்டியிருக்கலாம். இரண்டு மூன்று அடி உயரமான பீப்பாயிற் சலாது போன்ற மேல்வேர்ப் பயிர் வைப்போர், மண்ணை மிச்சப்படுத்த அடிப்பாதியைக் கல்லால் நிரப்பினால் இழப்பு இல்லை. துளையில்லாத அழகுச்சாடிக்குள் துளையுள்ள சாடியொன்றை இறக்கி வைக்கும்போது, உட்சாடி நீரிற் படாமல் உயர்ந்து நிற்கக் கல் உதவும்.

கலவை

சாடிக்குள் நீர் வடிவதும் தேங்குவதும் இங்கேயே தீர்மானமாகின்றன. இங்கிலாந்தில் ஜோன் இன்னஸ் தோட்டக்கலை நிலையத்தில் 1930களில் லோரன்ஸ், நியூவெல் ஆகியோர் நாற்றுகள் மடிவதன் காரணத்தை ஆராய்ந்து, சாடிக்கெனத் தனிக் கலவை ஒன்றை வகுத்தனர். அது தோட்டமண் 7 பங்கு, பீற் என்னும் உக்கிய சதுப்புப்பொருள் 3 பங்கு, பருமணல் 2 பங்கு சேர்ந்தது. அந்நாட்டுச் சரக்கு இங்கு வேண்டியதில்லை. மண்ணை அப்படியே சாடியில் இடாது, வெளிகளை உண்டாக்கும் பொருளை மேலிருந்து கீழ்வரை ஒரே சீராகக் கலக்க வேண்டும் என்பதே கவனிக்கத்தக்கது.

மலைநாட்டின் செம்மஞ்சள் மண் களிப்பாங்கு உடையது. தனியே சாடியில் இட்டால் சில மழைகளில் இறுகிவிடும். மேல்மண், நன்கு உக்கிய கூட்டெரு, பருமணல் ஆகியவற்றைச் சம பங்காகக் கலந்து தொடங்கலாம். ஹற்றன் பக்கத்து மழைக்கு இதிலும் மண்ணின் பங்கிற் பாதியைக் குறைத்து உமிக்கரியைச் சேர்ப்பது நல்லது. பள்ளத்தாக்கிலுள்ள நெல் ஆலைகளில் உமி கிடைக்கும். அதனைச் சாம்பலாகும்வரை எரியவிடாது, கறுத்ததும் நீர் தெளித்து அணைத்தல் வேண்டும். உமிக்கரி பாரமற்றது, எளிதில் உக்காதது, காற்றுக்கு இடம் விடுவது. பச்சை உமியில் எஞ்சிய நெல்மணிகள் முளைத்துத் தொல்லை தரும்.

தும்புத்தூளை அளவோடு சேர்க்க வேண்டும். அது தன் நிறையிலும் பன்மடங்கு நீரைப் பிடித்துவைப்பது. வெயிற்காலச் சாடிக்குத் துணை, மழைக்காலச் சாடிக்குச் சுமை. உவர்நீரில் ஊறிய பொச்சிலிருந்து வந்த தூளில் உப்பும் இருக்கும். இரண்டு மூன்று முறை நன்னீரில் அலசிய பின்னரே கலக்க வேண்டும்.

மணல் என்றதும் கட்டட வேலைக்குக் கொண்டுவந்த மணலை அள்ளி இடுவோர் பலர். நுண்மணலைக் களிமண்ணிற் சிறிதளவு கலந்தால், மணலின் இடைவெளிகளைக் களி நிரப்பி, கொத்தனாரின் சாந்து போல இறுகிவிடும். யன்னலுக்கு இடும் நுளம்பு வலையில் மணலை இட்டு நீரில் அரித்து, வலையிற் தங்குவதையே எடுக்க வேண்டும். வலையினூடு சென்ற நுண்மணல் சாடிக்கு உதவாது. கால் அங்குலக் கண்ணுள்ள அரிதட்டில் மண்ணையும் கூட்டெருவையும் அரித்துக்கொண்டால் கட்டிகள் நீங்கும்.

நனைந்த மண்ணைக் கலக்கவோ நிரப்பவோ கூடாது. கையிற் பிடித்தால் உருண்டையாகி, விரலால் தட்டினால் உதிரும் ஈரமே தக்கது. நிரப்பியபின் முட்டியால் அமுக்குவது கூடாது. சாடியை நிலத்தில் இருமுறை மெதுவாகத் தட்டினாற் போதும். பிறகு நன்றாக நனைத்து ஒரு நாள் விட்டு, மீண்டும் ஒரு கோப்பை நீரை ஊற்றிப் பார்க்க வேண்டும். நீர் மேலே குளம் கட்டாது உடனே இறங்கி, அடித்துளையிற் சற்று நேரத்திற் சொட்டுமாயின் கலவை தகுதியானது. மேலே நின்று தயங்குமாயின், செடி வைக்குமுன் கொட்டி, மணலையோ உமிக்கரியையோ கூட்டுவதே சிக்கனம். செடி வைத்தபின் அதனைத் திருத்த வழி இல்லை.

துளையும் இருக்கையும்

வர்ணப்பூச்சு வாளி, எண்ணெய்க் கலன் ஆகியவற்றில் ஒரே ஒரு ஆணித்துளை இட்டு நிறுத்திவிடுவது பெருங்குறை. பத்து அங்குல வாளிக்குச் சிறுவிரல் பருமனில் ஐந்தாறு துளைகள் வேண்டும். அவற்றிற் சில, அடித்தட்டும் சுவரும் சேரும் மூலையில் அமைதல் நன்று. வாளி தரையிற் படிந்தாலும் அவை அடைபடா. மண் வெளியேறாதிருக்க நுளம்பு வலைத் துண்டு ஒன்றே போதும்.

சீமெந்துத் தரையில் நேரே வைத்த சாடியின் துளை தரையோடு ஒட்டி அடைபடும். மூன்று கற்களின் மேலோ இரண்டு செங்கட்டிகளின் மேலோ உயர்த்தி வைக்க வேண்டும். அடிக்கென எடுத்துவைத்த கல்லை இவ்வாறு சாடிக்கு வெளியே பயன்படுத்தலாம். தகரக்கூரையின் விளிம்பிலிருந்து நீர் கொட்டும் வரிசையிற் சாடிகளை வைப்பது லயங்களிற் பொதுவாகக் காணப்படும் பிழை. கூரை முழுவதன் மழையும் அச்சாடிகளுக்கே வருவதால், எந்தக் கலவையும் அதனைத் தாங்காது. ஓரடி உள்ளேயோ வெளியேயோ நகர்த்துதல் வேண்டும்.

அடியில் எஞ்சிய நீரை வெளியேற்ற இரு எளிய வழிகள் உண்டு. பெருமழையின் பின் சாடியை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்தால், பஞ்சிற் கண்டது போல உயரம் கூடி, மேலும் நீர் வடியும். மற்றது, பழைய பருத்தித் துணியின் ஒரு கீற்றை அடித்துளையினூடு செலுத்தி, ஒரு முனை ஈரமண்ணிற் பதிந்திருக்க, மறுமுனை சாடிக்குக் கீழே நாலைந்து அங்குலம் தொங்குமாறு விடுவது. துணி நீரைக் கீழே இழுத்துச் சொட்டவிடும். முன்னரே நட்டுவிட்ட, பெயர்க்க முடியாத சாடிகளுக்கு இது உதவும்.

சாடியின் கீழே தட்டம் வைப்போர் அதில் நீர் நிற்கவிடுதல் கூடாது. வடிந்த நீரை மண் மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும் என்பது ஒரு காரணம், நுளம்பு மற்றொன்று. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 1,80,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு உள்ளாயினர். உயர்மலையின் குளிரில் டெங்கு நுளம்பு குறைவாயினும், தாழ்ந்த பக்கங்களிற் பூச்சாடித் தட்டம் அதன் விருப்பமான பிறப்பிடங்களுள் ஒன்று.

தவறணையிலிருந்து ஒரு பாடம்

தோட்டத்தார் தவறணை என்று வழங்கும் தேயிலை நாற்றுமேடையை மரக்கறிச் செய்கையாளர் ஒருமுறை நின்று பார்க்க வேண்டும். 1925ஆம் ஆண்டில் நிறுவப்பட்டு, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் இயங்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் தெரிந்தெடுத்து வெளியிட்ட இனங்கள், ஓர் இலையும் சிறு தண்டும் கொண்ட வெட்டுத்துண்டுகளாகப் பொலித்தீன் உறைகளில் வளர்க்கப்படுகின்றன. உறையில் அடிமுதல் நுனிவரை ஒரே மண், கல் இல்லை. அடி திறந்த உறைகளும் வழக்கிலுண்டு. அத்தகைய உறை தரையோடு பொருந்தி நிற்கும்போது, உறைக்குள் இருக்கும் மண்ணும் தரைமண்ணும் தொடர்ந்து ஒரே நிரலாகின்றன. உறையின் அடியிலே தங்கவேண்டிய நீரைத் தரை இழுத்துக்கொள்கின்றது. மேடையைச் சுற்றிக் கான் வெட்டப்பட்டிருப்பதால் தரையும் நிரம்பி நிற்பதில்லை.

கறிமிளகாய், தக்காளி நாற்றுப் பைகளுக்கும் இம்முறை ஏற்றது. பையின் அடியைத் திறந்து, மண்வெட்டியாற் கொத்தி இளக்கிய, சுற்றிலும் கான் உள்ள உயர்ந்த மேடையில் நெருக்கி நிறுத்தலாம். இடையே சல்லிக்கல்லையோ பொலித்தீனையோ விரித்தால் தொடர்ச்சி அறுந்துவிடும். வேர் தரைக்குள் இறங்கத் தொடங்குமுன், ஓரிரு கிழமைக்கு ஒருமுறை பைகளைச் சற்றே அசைத்து வைத்தால், பிடுங்கும்போது வேர் அறாது. தேயிலைக்கன்று வளர்ப்போர் மட்டும், மேலே மரக்கறிக்குக் கூறிய உமிக்கரியை உறைமண்ணிற் கலத்தல் கூடாது. அதிலுள்ள சாம்பல் காரத்தன்மையுடையது. தேயிலை புளித்தன்மையுள்ள மண்ணை விரும்புவது.

இவ்வாறு நீர் வடியுமாறு கலந்த சாடிகள், ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாள்களில் விரைவிற் காயும். அக்காலத்தில் நுவரெலியாவின் தாழ்ந்த பள்ளங்களில் இரவில் உறைபனியும் விழுவதுண்டு. கலவையை மாற்றாது, மண்ணின் மேல் ஓர் அங்குலம் காய்ந்த மானாப்புல்லைப் பரப்பி, மாலையில் அன்றிக் காலையில் நீர் ஊற்றுதல் வேண்டும். ஊற்றுமுன் சாடியை ஒரு கையாற் சற்றுத் தூக்கிப் பார்த்தல் நன்று. நனைந்த சாடிக்கும் காய்ந்த சாடிக்கும் உள்ள பார வேறுபாடு சில நாட்பழக்கத்திலேயே கைக்குத் தெரிந்துவிடும்.